‘வெரி’, ‘டூ’, ‘குவைட்’: ஆங்கிலத்தில் அளவைச் சொல்லும் சிறு சொற்கள்

வயிற்று நோவுடன் வைத்தியரிடம் செல்லும் ஒருவர், யாழ்ப்பாணத்தில் என்றால், “எனக்குச் சரியான நோ” என்பார். நோவின் கடுமை கேட்பவருக்கு உடனே விளங்கிவிடும். அதையே சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி “ஐ ஹேவ் கரெக்ட் பெயின்” என்றால் இங்குள்ள வைத்தியருக்கு ஒன்றும் விளங்காது. இதை அறிந்த பலர், தவறாகப் பேசிவிடுவோமோ என்ற அச்சத்தில், “பெயின்” என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுகின்றனர். அளவு சொல்லப்படாத நோவு, கேட்பவரின் காதில் சாதாரண நோவாகவே விழும்.

நோவு, குளிர், களைப்பு, பழுது, முன்னேற்றம் ஆகிய எதைப் பற்றிப் பேசினாலும், அது எவ்வளவு என்பதைச் சொல்லும் சிறு சொல்லே பல வேளைகளில் அடுத்து நடக்கப்போவதைத் தீர்மானிக்கிறது. அச்சொற்கள் ஆங்கிலத்தில் எவ்வாறு இணைகின்றன என்பதே இப்பாடம். வாய்விட்டு வாசித்துப் பழகுவதற்கு உதவியாக ஆங்கில வாக்கியங்கள் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன.

பெயரின் தன்மையைச் சொல்வது பெயரடை. ‘குளிர்ந்த அறை’ என்பதில் ‘குளிர்ந்த’ என்பது போல. செயல் எவ்வாறு நடக்கிறது என்பதைச் சொல்வது வினையடை. ‘மெதுவாக நடந்தார்’ என்பதில் ‘மெதுவாக’ என்பது போல. ஆங்கிலத்தில் வினையடைக்கு இன்னொரு வேலையும் உண்டு. பெயரடைக்கு முன்னே நின்று அதன் அளவைக் கூட்டும் அல்லது குறைக்கும். “த ரூம் இஸ் கோல்ட்” என்றால் அறை குளிராக இருக்கிறது. “த ரூம் இஸ் வெரி கோல்ட்” என்றால் மிகவும் குளிராக இருக்கிறது. தமிழுக்கு இது புதிதன்று. சால, நனி, தவ முதலியவற்றை மிகுதி என்ற பொருள் தரும் உரிச்சொற்களாக நன்னூல் வகுத்திருக்கிறது. இன்று அவ்விடத்தில் ‘மிக’, ‘மிகவும்’, ‘ரொம்ப’, ‘சரியான’, ‘நல்ல’ என்பவை வழங்குகின்றன.

ஆங்கிலத்தின் ‘வெரி’ என்ற சொல், பழைய பிரெஞ்சு மொழியில் ‘மெய்யான’ என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. ‘மெய்யான’ என்பதே காலப்போக்கில் ‘மிகவும்’ என்றாயிற்று. ‘ரியல்’ என்பதிலிருந்து ‘ரியலி’ பிறந்து இன்று ‘மிகவும்’ என்ற பொருளில் வழங்குவதும் அதே வழியில்தான். ஆகவே ‘சரியான நோ’ என்று பேசும் யாழ்ப்பாணத்தவரும் ‘வெரி பெயின்ஃபுல்’ என்று பேசும் ஆங்கிலேயரும் ஒரே பாதையில் நடந்தவர்களே. சொல்லை மாத்திரம் மாற்றிக்கொண்டால் போதும்: “இட் இஸ் வெரி பெயின்ஃபுல்” அல்லது “ஐ ஹேவ் ரியலி பேட் பெயின்.”

அளவுச் சொற்களை ஓர் ஏணியாக மனத்தில் அமைத்துக்கொள்வது நல்லது. அடிப்படியில் ‘அ பிட்’, ‘ஸ்லைட்லி’ என்பவை நிற்கின்றன. கொஞ்சம் என்று பொருள். அதற்கு மேல் ‘ஃபெயர்லி’, ‘குவைட்’; ஓரளவு என்று பொருள். அதற்கு மேல் ‘வெரி’, ‘ரியலி’. உச்சியில் ‘எக்ஸ்ட்ரீம்லி’. நோவின் அளவை 0 முதல் 10 வரையான ஓர் எண்ணாகச் சொல்லுமாறு வைத்தியரோ தாதியோ கேட்பதுண்டு. 0 என்றால் நோவே இல்லை. 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிகக் கடுமையான நோவு. ‘அ பிட் பெயின்ஃபுல்’ என்றவர் உடனேயே எட்டு என்று எண் சொன்னால் கேட்பவர் குழம்புவார். சொல்லும் எண்ணும் ஒத்திருக்க வேண்டும்.

இலக்கணத்தைவிடப் பெரிய தடை இங்கே பண்பாட்டிலிருந்து வருகிறது. வைத்தியருக்குத் தொல்லை கொடுக்கக்கூடாது என்ற எண்ணத்தில் மூத்தோர் பலர் கடும் நோவையும் “கொஞ்சம் நோகுது” என்று சொல்லப் பழகியவர்கள். உடன் செல்லும் பிள்ளை அதை அப்படியே “அ லிட்டில் பெயின்” என்று மொழிபெயர்த்துவிடுகிறது. அம்மா இரவு முழுவதும் உறங்கவில்லை என்பது அந்த ‘லிட்டில்’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோகிறது. அளவுச் சொல் வாயில் வரத் தயங்கினால், செயலை வைத்து அளவைச் சொல்லலாம்: “த பெயின் இஸ் ஸோ பேட் தட் ஐ கான்ட் ஸ்லீப்.” உறங்க முடியாத அளவுக்கு நோவு கடுமையாக இருக்கிறது என்பது இதன் பொருள். ‘ஸோ’ வுக்குப் பின் பெயரடை, அதன் பின் ‘தட்’, அதன் பின் விளைவு. இந்த ஒரு வாக்கிய அமைப்பை மனப்பாடம் செய்தவர் எந்தக் கவுண்டரிலும் தடுமாற வேண்டியதில்லை.

தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று மருத்துவ நிலையத்தில் முன்கூட்டியே கேட்கலாம். தேசிய சுகாதார சேவையில் அதற்கு நோயாளி கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. 111 ஐ அழைக்கும்போதும் உரைபெயர்ப்பாளரைக் கோரலாம். நெஞ்சு நோவு, மூச்சுத்திணறல் போன்ற உயிராபத்து வேளையில் சரியான சொல்லைத் தேடிக்கொண்டிருத்தல் ஆகாது. 999 ஐ அழைத்து “செஸ்ட் பெயின்” என்ற இரு சொற்களைச் சொன்னாலே போதும்.

‘டூ’ என்ற சொல் தமிழரைப் பெரிதும் ஏமாற்றும் சொல். எங்கள் ஊர்களின் ஆங்கிலத்தில் ‘டூ குட்’ என்பது பாராட்டு. இங்கு ‘டூ’ என்றால் மிகுதி மாத்திரம் அன்று, வேண்டிய அளவைக் கடந்த மிகுதி. “த ஃபுட் இஸ் டூ ஹொட்” என்று விருந்தாளி சொன்னால் அது புகழ்ச்சி அன்று; உண்ண முடியவில்லை என்கிறார். மகளின் ஆசிரியரிடம் “யூ ஆர் டூ கைண்ட்” என்றால் குற்றமில்லை, அது வழக்கில் உள்ள பணிவுரை. ஆனால் “மை டோட்டர் இஸ் டூ ஹெப்பி இன் யுவர் கிளாஸ்” என்றால், அந்த மகிழ்ச்சியில் என்ன பிழை என்று ஆசிரியர் யோசிப்பார். அங்கே வேண்டியது ‘வெரி’.

முறையாகப் பயன்படுத்தினால் ‘டூ’ வைப் போலப் பயனுள்ள சொல் வேறில்லை. பிள்ளைக்குச் சுகமில்லை என்று காலையில் பாடசாலைக்கு அறிவிக்கும்போது, “மை சன் இஸ் டூ இல் டு கம் டு ஸ்கூல் டுடே” என்ற ஒரே வாக்கியம் நோயையும் வரமுடியாமையையும் சேர்த்துச் சொல்லிவிடும். நீட்டி ஒலிக்கும் ‘டூ’ அளவைச் சொல்கிறது. அடுத்து வரும் குறுகிய ‘டு’ செயலை இணைக்கிறது. இரண்டும் எழுத்திலும் வெவ்வேறு. இதற்கு எதிரான சொல் ‘இனஃப்’, அதாவது போதிய அளவு. தமிழில் ‘போதிய’ என்பது முன்னே வரும்; ஆங்கிலத்தில் ‘இனஃப்’ பெயரடைக்குப் பின்னேதான் வரும். “த வாட்டர் இஸ் நொட் ஹொட் இனஃப்” என்பதே முறை; ‘இனஃப் ஹொட்’ என்பது பிழை.

‘குவைட்’ அதைவிட நுட்பமானது. ஆங்கிலேயர்களுக்குள்ளேயே அது சிறு மனத்தாங்கல்களை விளைவிப்பதுண்டு. பெற்றோர் மாலைக் கூட்டத்தில் ஆசிரியர், “ஹிஸ் ரைட்டிங் இஸ் குவைட் குட்” என்கிறார். பிள்ளை எழுத்தில் சிறந்து விளங்குகிறான் என்று பெற்றோர் மகிழ்ந்து வீடு திரும்புகின்றனர். ஆசிரியர் சொன்னதோ ‘ஓரளவு நன்று, இன்னும் முன்னேற இடமுண்டு’ என்பது. அமெரிக்க ஆங்கிலத்தில் இதே ‘குவைட் குட்’ பெரும்பாலும் ‘மிக நன்று’ என்ற பொருளைத் தருவதால், அங்கே உறவினர் உள்ள குடும்பங்களில் குழப்பம் இரட்டிப்பாகும். பிரித்தானிய ஆங்கிலத்தில் ‘குவைட்’ டை அடுத்து வரும் பெயரடையைக் கவனிக்க வேண்டும். ‘குட்’, ‘கோல்ட்’, ‘டயர்ட்’ போன்று கூடவும் குறையவும் கூடிய தன்மையாயின் ‘குவைட்’ என்பது ஓரளவு. ‘ரைட்’, ‘ஷுவர்’, ‘இம்பொஸிபிள்’ போன்று முழுமையைக் குறிப்பதாயின் ‘குவைட்’ என்பது முற்றாக. “ஐ ஆம் குவைட் ஷுவர்” என்பவர் ஐயமே இல்லை என்கிறார். ஆசிரியரின் கருத்தில் ஐயம் எழுந்தால் அங்கேயே, “டஸ் ஹி நீட் எக்ஸ்ட்ரா ஹெல்ப்?” என்று கேட்டுவிடலாம். மேலதிக உதவி வேண்டுமா என்ற அக்கேள்விக்கு நேரான பதில் கிடைக்கும். அமைதியானவர் என்று பொருள்படும் ‘குவையட்’ வேறு சொல். ஒலி நெருங்கியிருப்பதால் அதுவும் ஒரு தொல்லை.

முழுமையைக் குறிக்கும் பெயரடைகளோடு ‘வெரி’ பொருந்தாது. ‘ஃப்ரீஸிங்’ என்பதிலேயே உறையும் குளிர் அடங்கியிருக்கிறது. ‘எக்ஸோஸ்டட்’ என்பதில் முழுக் களைப்பும் அடங்கியிருக்கிறது. இவற்றுக்கு முன்னே ‘அப்ஸொலூட்லி’ வரும். ‘வெரி கோல்ட்’ அல்லது ‘அப்ஸொலூட்லி ஃப்ரீஸிங்’ என்பதே வழக்கு. ஒப்பிடும்போதும் ‘வெரி’ விலகி நின்று ‘மச்’ என்பதற்கு இடம் கொடுக்கும். மருந்து எடுத்தபின் எப்படி இருக்கிறது என்று வைத்தியர் கேட்டால் “மச் பெட்டர்”, “அ லிட்டில் பெட்டர்”, “நோ பெட்டர்”, “ஸ்லைட்லி வேர்ஸ்” ஆகிய நான்கில் ஒன்று விடையாக அமையும். ‘வெரி பெட்டர்’, ‘மோர் பெட்டர்’ என்பவை வழக்கில் இல்லை. வினைச்சொல்லுக்கு முன்னும் ‘வெரி’ நிற்காது. ‘எனக்கு மிகவும் பிடிக்கும்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றி ‘ஐ வெரி லைக்’ என்பது தமிழரிடையே அடிக்கடி கேட்கும் பிழை. “ஐ ரியலி லைக் இட்” என்க. அல்லது “ஐ லைக் இட் வெரி மச்” என்க. அவ்வாறே “இட் ஹர்ட்ஸ் அ லொட்”.

அடுத்தது ‘ஆக’ என்ற விகுதி விரிக்கும் வலை. ‘அழகான’ என்பது பெயரடை, ‘அழகாக’ என்பது வினையடை என்று பாடசாலையில் கற்றவர்கள், ஆங்கிலத்தில் ‘ஆக’ வின் இடத்தில் ‘லி’ சேர்த்தால் போதும் என்று எண்ணுவது இயல்பு. செயலைச் சொல்லும்போது அது சரியே: கவனமாக ஓட்டுகிறார், “ஹி டிரைவ்ஸ் கெயர்ஃபுல்லி”. ஆனால் தமிழ், நிலையைச் சொல்லும்போதும் ‘ஆக’ வையே பயன்படுத்துகிறது: களைப்பாக இருக்கிறது, கவலையாகத் தெரிகிறார், பால் புளிப்பாக மணக்கிறது. இவ்விடங்களில் ஆங்கிலத்துக்கு ‘லி’ வேண்டாம், பெயரடையே வேண்டும். “ஐ ஃபீல் டயர்ட்”, “ஷி லுக்ஸ் வரீட்”, “த மில்க் ஸ்மெல்ஸ் ஸவர்”. ‘மோசமாக மணக்கிறது’ என்பதை ‘ஸ்மெல்ஸ் பேட்லி’ என்று சொல்லாமல் ‘ஸ்மெல்ஸ் பேட்’ என்க. தமிழ் வாக்கியத்தில் ‘ஆக’ வுக்குப் பின் வருவது இருத்தல், தெரிதல், மணத்தல், உணர்தல் போன்றதாயின் அங்கே ‘லி’ வராது. இந்த ஒரு சோதனை பெரும்பாலான இடங்களில் கைகொடுக்கும்.

‘லி’ சேர்ந்தால் பொருளே மாறிவிடும் சில சொற்களும் உண்டு. வேலைக்கான நேர்முகத்தேர்வில் ஒருவர், கடினமாக உழைப்பேன் என்று சொல்ல விரும்பி, ‘கடினமாக’ என்பதற்காக “ஐ ஹார்ட்லி வேர்க்” என்கிறார். அதன் பொருள் ‘நான் வேலை செய்வதே அரிது’ என்பதாகும். உழைப்பாளி தம் வாயாலேயே தம்மைச் சோம்பேறியாக்கிக்கொண்டார். “ஐ வேர்க் ஹார்ட்” என்பதே அவர் சொல்ல நினைத்தது. ‘ஹார்ட்லி’ யை அஞ்சி ஒதுக்கவும் வேண்டாம். “ஐ கேன் ஹார்ட்லி வோக்” என்றால் நடக்கவே முடியாத நிலை. வைத்தியரிடம் சொல்ல உகந்தது. அவ்வாறே ‘லேட்’ என்றால் பிந்தி, ‘லேட்லி’ என்றால் அண்மைக் காலமாக. ‘நியர்’ என்றால் அருகில், ‘நியர்லி’ என்றால் ஏறத்தாழ.

வீட்டுப் பழுதை முறையிடுவோர் மேலே கண்டவற்றை எல்லாம் ஒரே கடிதத்தில் பயன்படுத்த நேரும். “பொய்லர் ப்ரொப்ளம்” என்று மட்டும் எழுதினால், அது சூடாக்கவே இல்லையா, சில வேளைகளில் நிற்கிறதா என்பது தெரியாது. எத்தனை முறை என்பதைச் சொல்லும் வினையடைக்கு ஆங்கிலத்தில் குறித்த இடம் உண்டு. ‘இஸ்’, ‘ஆர்’ வந்தால் அவற்றுக்குப் பின்: “த பெட்ரூம் வோல் இஸ் ஓல்வேய்ஸ் வெட்”. மற்ற வினைச்சொற்களாயின் அவற்றுக்கு முன்: “த பொய்லர் ஒஃபன் ஸ்டொப்ஸ்”, “த ஹீட்டிங் நெவர் வேர்க்ஸ் அட் நைட்”. ‘எப்போதும் ஈரம்’ என்பதற்கும் ‘சில வேளைகளில் ஈரம்’ என்பதற்கும் இடையே சட்டத்தின் பார்வையிலும் வேறுபாடு இருக்கக்கூடும். ‘அவாப்ஸ் லோ’ என்று அழைக்கப்படும் விதிகள் 2025 ஒக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளுக்கு நடைமுறைக்கு வந்துள்ளன. அவசர ஆபத்தாயின் வீட்டு உரிமை நிறுவனம் 24 மணித்தியாலத்துக்குள் ஆராய்ந்து அதனைப் பாதுகாப்பாக்க வேண்டும். ஈரமும் பூஞ்சணமும் ‘சிக்னிஃபிகன்ட்’, அதாவது கணிசமான ஆபத்தாயின் 10 வேலை நாட்களுக்குள் ஆராய வேண்டும். எந்த வகை என்று முடிவு செய்வது நிறுவனமே என்றாலும், அதன் கையில் முதலில் சேர்வது வாடகையாளரின் சொற்கள்தாம். “தெயர் இஸ் சம் மோல்ட்” என்பதைவிட, “த வோல் இஸ் பேட்லி அஃபெக்டட் பை மோல்ட் அண்ட் மை பேபி இஸ் கொன்ஸ்டன்ட்லி கோஃபிங்” என்பது நிலைமையை உள்ளபடி காட்டும். சுவர் பூஞ்சணத்தால் மோசமாகப் பாதிக்கப்பட்டுள்ளது, குழந்தை இடைவிடாது இருமுகிறது என்பது அதன் பொருள். உள்ளதைவிடக் கூட்டி எழுதத் தேவையில்லை. உள்ளதைக் குறைத்து எழுதவும் கூடாது.

கடிதங்களில் சில இணைகள் அச்சுக் கோத்தாற்போல் மாறாமல் வரும். மருத்துவ நிலையத்தில் ‘ஃபுல்லி புக்ட்’ என்றால் இடமில்லை. நூலகக் கதவில் ‘டெம்பரரிலி குளோஸ்ட்’ என்றால் தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது. இவற்றை இணையாகவே பாடமாக்கிக்கொள்ளலாம். இரண்டு தொடர்கள் மட்டும் தனியே கவனிக்கத் தக்கவை.

முதலாவது, கூட்டாக வீடு எடுப்போரின் வாடகை ஒப்பந்தத்தில் வரும் ‘ஜொயின்ட்லி அண்ட் செவரலி லையபிள்’. ‘செவரலி’ என்பதைப் பலர் ‘பலராக’ என்று புரிந்துகொள்கின்றனர். இங்கே அதன் பொருள் ‘தனித்தனியாக’. மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, இருவர் வாடகை கொடுக்காமல் விட்டால், மூன்றில் ஒரு பங்கை மட்டும் அன்றி முழு வாடகையையும் எஞ்சிய ஒருவரிடம் உரிமையாளர் கேட்கலாம். கையொப்பமிடுமுன் அந்த இரு வினையடைகளையும் நின்று வாசிப்பது பணத்தைக் காக்கும்.

இரண்டாவது, கவுன்சில் வரி படிவங்களில் காணப்படும் ‘சிவியர்லி மென்டலி இம்பெயர்ட்’. இரு வினையடைகள் ஒரு பெயரடையின்மீது அடுக்கி நிற்கின்றன: ‘இம்பெயர்ட்’ என்றால் செயற்பாடு குன்றிய, ‘மென்டலி’ என்றால் மன அளவில், ‘சிவியர்லி’ என்றால் கடுமையாக. தொடரின் கடுமையைக் கண்டு பல குடும்பங்கள் அப்பக்கத்தைத் திருப்பிவிடுகின்றன. மறதி நோயால் பாதிக்கப்பட்ட தாத்தாவுக்கும் இது பொருந்தக்கூடும். இது சட்டம் வகுத்த சொல். யாரையும் இழிவுபடுத்தும் சொல் அன்று. வைத்தியரின் சான்றிதழும் குறிப்பிட்ட சில உதவித்தொகைகளுக்கான தகுதியும் இருந்தால், அவர் வரிக் கணக்கில் சேர்க்கப்படமாட்டார். அவரைத் தவிர வயதுவந்த ஒருவர் மட்டுமே கணக்கில் சேரும் வீடாயின் 25 சதவீதக் கழிவு கிடைக்கும்.

பயிற்சிக்கு நான்கு தமிழ் வாக்கியங்கள். விடையைப் பாராமல் முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் இருந்தால் அவர்களே நல்ல நடுவர்கள்.

நேற்றைவிட இன்று அம்மாவுக்கு நல்ல சுகம்.
வீடு உறையும் குளிராக இருக்கிறது.
தண்ணீர் குழந்தையைக் குளிப்பாட்டப் போதிய சூடாக இல்லை.
அப்பா மிகவும் களைப்பாகத் தெரிகிறார்.

விடைகள்: “மை மதர் இஸ் மச் பெட்டர் டுடே.” “த ஃபிளட் இஸ் அப்ஸொலூட்லி ஃப்ரீஸிங்.” “த வாட்டர் இஸ் நொட் வோர்ம் இனஃப் டு பாத் த பேபி.” “மை ஃபாதர் லுக்ஸ் வெரி டயர்ட்.” நான்காவதில் ‘லி’ சேர்த்தவர்கள் ‘ஆக’ விகுதி பற்றிய பகுதியை மீண்டும் ஒருமுறை வாசிக்கவும்.